விடை மூன்று மடங்கு தவறினால்: மில்லிகிராமைப் பழைய விசை அலகுகளுக்கு மாற்றும்போது

மேசையில் ஒரு பெரிலியத் தாமிரத் தகடு. நீளம் ஐந்து மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர். ஒரு முனை பிடிக்குள் இறுகியிருக்கிறது. மறு முனையில் கடுகைவிடச் சிறிய காந்தத் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறோம். ஒட்டுவதற்கு முன் நுண்தராசு அந்தத் துண்டுக்குக் காட்டிய அளவு 3.6 மில்லிகிராம். தகட்டின் விறைப்பு, அதாவது முனையை வளைக்க வேண்டிய விசை, பழைய ஜெர்மன் வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறது: மில்லிமீட்டருக்கு 2 பாண்ட். இந்தத் தகட்டைத் தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை அதிரும்?

கணக்கு எளிது. விறைப்பை நிறையால் வகுக்க வேண்டும், வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அதை 6.2832ஆல் வகுக்க வேண்டும். செய்தேன். 118.6 ஹெர்ட்ஸ் வந்தது. வரைபடத்தோடு வந்த சோதனைத் தாளில் இருந்ததோ 370ஐ ஒட்டிய எண். தகட்டைச் சந்தேகித்தேன், தராசைச் சந்தேகித்தேன், பிடியைக் கழற்றி மாட்டினேன். அரை நாள் போன பிறகுதான் இரண்டு எண்களையும் ஒன்றால் ஒன்று வகுத்துப் பார்க்கத் தோன்றியது. 3.13 வந்தது. அதை வர்க்கப்படுத்தினால் 9.8. பிழை தன் பெயரைத் தானே சொல்லிவிட்டது.

அன்று முதல் இந்த வகைக் கணக்கு தவறினால் நான் சூத்திரத்தைத் திரும்பப் படிப்பதில்லை. எத்தனை மடங்கு தவறியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன். கீழே இருக்கும் அறிகுறிகள் எல்லாம் அந்த மடங்கை வைத்துப் பிரித்தவை.

அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. பாண்ட் என்பது திட்ட ஈர்ப்பில் ஒரு கிராமின் எடை. ஆயிரம் பாண்ட் ஒரு கிலோபாண்ட். அதைத்தான் மற்ற நாடுகளில் கிலோகிராம்-விசை என்றார்கள். திட்ட ஈர்ப்பு முடுக்கம் 9.80665 என்பதை 1901இல் எடை அளவுகளுக்கான மூன்றாவது பொது மாநாடு நிலைநிறுத்தியது. ஜெர்மனியில் 1978 முதல் கிலோபாண்ட் சட்டப்படி செல்லாது. ஆனால் அலமாரியில் தூங்கும் வரைபடத்துக்குச் சட்டம் தெரியாது.

இந்தப் பழைய பொறியியல் முறையில் விசைதான் முதல் அலகு. நிறை அதிலிருந்து பிறப்பது. ஒரு கிலோகிராம்-விசை எந்த நிறைக்கு ஒவ்வொரு நொடியும் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் கூட்டுமோ, அதுவே நிறையின் அலகு. அதன் அளவு 9.80665 கிலோகிராம். ஜெர்மானியர் இதைத் தொழில்நுட்ப நிறை அலகு என்று சொல்லி டி.எம்.இ. என்று சுருக்கினார்கள். நம் ஊர்ப் பழைய பொறியியல் நூல்கள் சிலவற்றில் மெட்ரிக் ஸ்லக் என்றிருக்கும். அடி-பவுண்டு முறையில் இதன் உறவுக்காரர் ஸ்லக்: 14.5939 கிலோகிராம். அடிக்குப் பதில் அங்குலத்தில் கணக்கிடுகிறவர்களுக்கு அதன் பன்னிரண்டு மடங்கு, அதாவது 175.127 கிலோகிராம். இந்தக் கடைசி அலகுக்கு முறையான பெயர் கிடையாது. வேலைக்காரர்கள் ஸ்லிஞ்ச் என்றோ ப்ளாப் என்றோ விளையாட்டாகச் சொல்லிக்கொள்வார்கள். நானும் இங்கே ஸ்லிஞ்ச் என்றே எழுதுகிறேன்.

மில்லிகிராமை இந்த அலகுகளில் எழுதுவது யானை நிறுக்கும் தராசில் எறும்பை ஏற்றுவது போன்றது. நம் 3.6 மில்லிகிராம், 3.671×10⁻⁷ டி.எம்.இ. ஆகிறது; 2.467×10⁻⁷ ஸ்லக், 2.056×10⁻⁸ ஸ்லிஞ்ச். இந்த எண்கள் மனதுக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஒரு காய்கறிக் கடைக்காரர் அரை கிலோவை ஐந்து கிலோ என்று எழுதினால் உடனே பிடித்துவிடுவோம். 10⁻⁷ இருக்க வேண்டிய இடத்தில் 10⁻⁶ இருந்தால் யாருக்கும் கண்ணில் படாது. ஆபத்து முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஒப்பிடச் சரியான விடை கையில் இல்லையென்றால், முதலில் நியூட்டன், மீட்டர், கிலோகிராமில் ஒரு முறை போட்டுவிடுங்கள். மில்லிமீட்டருக்கு 2 பாண்ட் என்பது மீட்டருக்கு 2 கிலோகிராம்-விசை; மேலும் கீழும் ஆயிரம் அடிபட்டுப் போகிறது. அது மீட்டருக்கு 19.6133 நியூட்டன். 3.6 மில்லிகிராம் என்பது 3.6×10⁻⁶ கிலோகிராம். விடை 371.5 ஹெர்ட்ஸ். இதை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொண்டு கீழே போகலாம். இன்னொன்று: அதிர்வெண்ணில் நிறை வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. ஆகவே கிடைத்த மடங்கை வர்க்கப்படுத்தினால்தான் நிறையில் நேர்ந்த தவறு தெரியும்.


அறிகுறி: அதிர்வெண் 3.13 மடங்கு குறைவு

நிறையை 9.80665ஆல் வகுக்க மறந்துவிட்டீர்கள். தராசு காட்டிய கிலோகிராமை அப்படியே எடுத்து, கிலோகிராம்-விசையில் இருக்கும் விறைப்போடு சேர்த்துவிட்டீர்கள். 118.6 வந்தது இப்படித்தான்.

காரணம் பெரும்பாலும் சோம்பல் அல்ல, பெயர்க் குழப்பம். பழைய தாள்களில் விசைக்கும் கிலோ, நிறைக்கும் கிலோ. சோவியத் கால ரஷ்ய வரைபடங்களில் இரண்டுக்கும் ஒரே இரண்டெழுத்துச் சுருக்கம்தான். இரண்டாவது எழுத்தைப் பெரிதாக எழுதினால் விசை, சிறிதாக எழுதினால் நிறை. பிற்காலத்தில்தான் விசைக்கு மூன்றாவதாக ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். அந்தத் தாளை யாராவது முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தால் போயிற்று; எது எது என்று அந்தச் சுருக்கம் சொல்லாது. அருகில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். சுருள்வில்லுக்கும் அழுத்தத்துக்கும் பக்கத்தில் இருந்தால் விசை. பொருள் பட்டியலில் இருந்தால் நிறை.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதோடு இன்னொரு பொறியும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் பொருளின் அளவு, எடை என்றால் அதன்மேல் புவி செலுத்தும் விசை. இலங்கைப் பாடநூலில் முதலாவதற்குத் திணிவு என்று பெயர். நிறை என்றால் அங்கே விசை. ஒரே சொல், கடலைத் தாண்டினால் 9.8 மடங்கு வேறுபாடு. யாழ்ப்பாணத்தில் படித்த ஒருவரும் மதுரையில் படித்த ஒருவரும் ஒரே குறிப்பேட்டில் மாறி மாறி எழுதினால், இருவரும் சரியாக எழுதியும் கணக்கு தவறும். எங்கள் கூடத்தில் இப்போது அட்டவணைத் தலைப்பில் சொல்லை நம்புவதில்லை. நிறை என்ற சொல்லுக்குக் கீழே அலகையும் எழுதாமல் எண் போடக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

திருத்தம்: தராசு எண்ணைக் கிலோகிராமாக்குங்கள், 9.80665ஆல் ஒரே ஒரு முறை வகுங்கள். விறைப்பைத் தொடாதீர்கள். அது ஏற்கெனவே விசை அலகில் இருக்கிறது.


அறிகுறி: அதிர்வெண் 9.8 மடங்கு குறைவு

37.9 ஹெர்ட்ஸ் வந்ததா? வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள். நிறை 96 மடங்கு பெருத்துவிட்டது. எடை என்றால் நிறையைப் பெருக்க வேண்டும் என்று பள்ளியில் பதிந்த பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போயிருக்கும். பெருக்கினால் நியூட்டன் கிடைக்கும். நமக்குத் தேவை அது அல்ல.

அதிர்வெண் 3.13 மடங்கு கூடுதலாக வந்தால், அதாவது 1163 போல ஏதாவது வந்தால், இரண்டு முறை வகுத்திருக்கிறீர்கள். நீங்கள் ஒரு முறை, நீங்கள் எண்ணை ஊட்டிய கணினி நிரல் இன்னொரு முறை. பழைய நிரல்களில் பல, உள்ளீடு எடையாக இருக்கும் என்று நம்பித் தாமே வகுத்துக்கொள்ளும். நிரலின் கையேட்டைத் தேடுவதைவிட, அதற்கு 9.80665 கிலோகிராம் என்று ஊட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்று என்று காட்டினால் அதுவே வகுக்கிறது.


அறிகுறி: அதிர்வெண் 31.6 மடங்கு குறைவு

விடை 11.75 ஹெர்ட்ஸ். நிறையில் சரியாக ஆயிரம் மடங்கு தவறு. இதுதான் தொல்லையான அறிகுறி. ஏனென்றால் குறைந்தது மூன்று வழிகள் இந்த ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

முதல் வழி எழுத்துருவில் இருக்கிறது. மைக்ரோ என்பதைக் குறிக்கும் கிரேக்க மியூவைப் பழைய ஆவணங்களில் தனி எழுத்துருவை வைத்து உருவாக்கியிருப்பார்கள். அடியில் இருப்பது சாதாரண ஆங்கில 'எம்'; அந்த எழுத்துரு இருக்கும்வரை மியூவாகத் தெரியும். கோப்பு வேறு கணினிக்குப் போய் எழுத்துரு உதிர்ந்தால் வேடம் கலைந்து 'எம்' வெளியே வரும். 3600 மைக்ரோகிராம் 3600 மில்லிகிராம் ஆகிவிடும். கடுகளவு காந்தம் 3.6 கிராம் எடை இருக்குமா என்று யாராவது கேட்டால் தப்பித்தோம். பட்டியலில் நூறு எண்கள் இருந்தால் யார் கேட்பார்கள்?

இரண்டாவது வழி ஹைல் என்ற அலகு. சில நூல்கள் ஹைல் என்றால் 9.80665 கிலோகிராம் என்கின்றன, டி.எம்.இ.க்கு இன்னொரு பெயராக. வேறு சில நூல்கள் 9.80665 கிராம் என்கின்றன. அங்கே விசை கிலோகிராம்-விசை அல்ல, கிராம்-விசை. இரண்டுமே தம்மளவில் ஒழுங்கானவை. இரண்டாவது ஹைலில் நம் காந்தம் 3.671×10⁻⁴, விறைப்பை மீட்டருக்கு 2000 கிராம்-விசை என்று எழுதினால் அதே 371.5 வரும். ஆனால் ஒரு நூலிலிருந்து நிறையையும் இன்னொரு நூலிலிருந்து விறைப்பையும் எடுத்தால் ஆயிரம் நுழைந்துவிடும். மீட்டருக்குப் பதில் சென்டிமீட்டரை வைத்துக் கட்டிய இன்னொரு அலகும் உண்டு, 980.665 கிராம்; அதற்குக் க்ளக் என்று பெயர். பெயர் வைத்தவர் ஸ்லக்கை நினைத்து வைத்தார் போலிருக்கிறது. ஹைல் என்ற சொல்லைப் பார்த்தால் நான் அந்த நூலின் முதல் எடுத்துக்காட்டைத் திறந்து, விசை கிராமிலா கிலோகிராமிலா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போகிறேன்.

மூன்றாவது வழி மில்லிமீட்டர். பழைய இயந்திர வரைபடங்களில் எல்லா நீளமும் மில்லிமீட்டரில் இருக்கும். விறைப்பை மில்லிமீட்டருக்கு 0.002 கிலோகிராம்-விசை என்று எழுதிவிட்டு நிறையை மட்டும் டி.எம்.இ.யில் விட்டால் மீண்டும் 11.75. மில்லிமீட்டரில் கணக்கிடுகிறவருக்கு ஈர்ப்பு முடுக்கமும் 9806.65 ஆக வேண்டும். அப்போது நம் காந்தம் 3.671×10⁻¹⁰.

மூன்றில் எது என்று பிரிக்க என்னிடம் ஒரு சின்ன உத்தி இருக்கிறது. மில்லிகிராமைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறாமல், அதே தாளில் எஃகின் அடர்த்தி எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். எஃகுக்கு 800 என்றிருந்தால் கிலோகிராம்-விசை, மீட்டர். 8×10⁻¹⁰ என்றிருந்தால் கிலோகிராம்-விசை, மில்லிமீட்டர். 7.85×10⁻⁹ என்றிருந்தால் அது பழைய முறையே அல்ல. நியூட்டனும் மில்லிமீட்டரும் டன்னும் சேர்ந்த புதிய கூட்டணி. 15.2 என்றால் ஸ்லக், அடி. 7.33×10⁻⁴ என்றால் ஸ்லிஞ்ச், அங்குலம். எஃகு இல்லாமல் தண்ணீர் இருந்தால் 102 அல்லது 1.94. இந்த ஏழு எண்களும் மனப்பாடமாக இருந்தால் அலகு எழுதாத தாளையும் படிக்கலாம். அடர்த்தி ஒன்றுமே இல்லை, எண் வந்த கோப்பு பழையது என்றால் மியூவைச் சந்தேகியுங்கள்.


அறிகுறி: அங்குலக் கணக்கில் 3.46 அல்லது 19.65

நம் தகட்டின் விறைப்பு அங்குலத்துக்கு 0.112 பவுண்டு-விசை. நிறையை ஸ்லக்கில் ஊட்டினால் 107.2 ஹெர்ட்ஸ் வரும். 371.5ஐ இதால் வகுத்தால் 3.46; வர்க்கம் பன்னிரண்டு. அடிக்குரிய நிறை அங்குலத்துக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். 3.46ஐ 3.13 என்று தவறாகப் படித்துவிடாதீர்கள். இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள், மருந்து வேறு.

நிறையை வெறும் பவுண்டாக ஊட்டினால் 18.9 ஹெர்ட்ஸ். மடங்கு 19.65, வர்க்கம் 386. அங்குலத்தில் ஈர்ப்பு முடுக்கம் 386.09 என்பது நினைவிருந்தால் இது உடனே பிடிபடும்.

1960களில் நாசாவுக்காக உருவான நாஸ்ட்ரான் என்ற கட்டமைப்புக் கணக்கீட்டு நிரலில் இதற்கென்றே டபிள்யூ-டி-மாஸ் என்று ஓர் அளவுரு இருக்கிறது. நிறைகளை எல்லாம் பவுண்டிலேயே எழுதிவிட்டு இந்த அளவுருவுக்கு 0.00259 கொடுத்தால், நிரல் நிறை முழுவதையும் அந்த எண்ணால் பெருக்கி ஸ்லிஞ்ச் ஆக்கிக்கொள்ளும். 0.00259 என்பது 1ஐ 386.09ஆல் வகுத்தது. அருமையான வசதி. ஆனால் பத்து வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய கோப்பில், கீழே எங்கோ ஒரு மூலையில் இந்த வரி இருப்பது தெரியாமல், மேலே நீங்கள் காந்தத்தை ஏற்கெனவே ஸ்லிஞ்ச் ஆக்கி எழுதினால் அது மீண்டும் 386ஆல் குறையும். மற்ற நிறைகள் எல்லாம் சரியாக இருக்க, காந்தம் மட்டும் காற்றில் கரைந்தது போல் ஆகும். மொத்த நிறையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவ்வளவு சின்னது அது. தகட்டின் அதிர்வெண் மட்டும் சொல்லமுடியாத உயரத்துக்குப் போயிருக்கும். கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக இந்த அளவுருவைத் தேடுங்கள்.


அறிகுறி: பூஜ்யம், அல்லது பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற முறைப்பு

எண் தவறவில்லை, வழியில் தொலைந்துவிட்டது. தொலைவதற்கு வழக்கமான இடங்கள் இரண்டு.

எக்செல்லில் அந்தப் பத்தியை இரண்டு தசம இடம் என்று அமைத்திருந்தால் 3.671×10⁻⁷, 0.00 என்று தெரியும். உள்ளே உண்மையான எண் பத்திரமாக இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பக்கத்தைக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாகச் சேமித்தால் கதை வேறு. எக்செல் உரைக்கோப்பில் எழுதுவது திரையில் தெரிகிறதைத்தான். 0.00 என்று தெரிந்தால் 0.00 என்று எழுதும். அடுத்த நிரல் அதைத் திறக்கும்போது காந்தமே கிடையாது. சேமிப்பதற்கு முன் அந்தப் பத்தியை அடுக்கு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். 'காட்டியபடி துல்லியம்' என்று ஒரு தெரிவு எக்செல் அமைப்புகளில் இருக்கிறது. அதை யாராவது இயக்கியிருந்தால் உள்ளே இருக்கும் எண்ணும் நிரந்தரமாகச் செத்துப்போகும். பிறகு மீட்க வழியில்லை, தராசு ஏட்டைத்தான் திறக்க வேண்டும்.

இன்னொரு இடம் எட்டுக் கட்டம். நாஸ்ட்ரானின் பழைய உள்ளீட்டு வரிசையில் ஒரு எண்ணுக்கு எட்டு எழுத்து இடம்தான். துளை அட்டைக் காலத்தின் மிச்சம் அது. 2.056×10⁻⁸ ஸ்லிஞ்சை ஒருவர் பொறுமையாக 0.00000002056 என்று எழுதினால் பதின்மூன்று இடம் வேண்டும். முதல் எட்டு எழுத்து எது? 0.000000. மிச்சமிருக்கும் இலக்கங்கள் அடுத்த கட்டத்துக்குள் வழிந்து அங்கே இருந்ததையும் கெடுக்கும். இதற்கு நிரலே ஒரு சுருக்கெழுத்தை அனுமதிக்கிறது: 2.056-8. அடுக்கைக் குறிக்கும் எழுத்தே வேண்டாம், எண்ணை ஒட்டி ஒரு கழித்தல் குறி, பிறகு எட்டு. ஏழே எழுத்து. முதன்முதலில் பார்க்கிறவர் யாரோ கழித்தல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார் என்று நினைப்பார். நான் நினைத்தேன், திருத்தவும் செய்தேன்.


அறிகுறி: 2.24 அல்லது 3.93 மடங்கு குறைவு

தராசின் பொத்தானைப் பாருங்கள். 2.24இன் வர்க்கம் 5. தராசு காரட்டில் இருக்கிறது, ஒரு காரட் 200 மில்லிகிராம். நகைக்கடைப் பக்கத்திலிருந்து வந்த தராசு என்றால் இது நடக்கும். 3.93இன் வர்க்கம் 15.43, தராசு கிரெயினில் இருக்கிறது, ஒரு கிரெயின் 64.79891 மில்லிகிராம். திரையின் மூலையில் மின்னும் அந்தச் சின்ன எழுத்துகளில் கிராமுக்கும் கிரெயினுக்கும் வேறுபாடு ஒரே ஒரு எழுத்துதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.


அறிகுறி: சேர்த்தாலும் மொத்தம் மாறவில்லை, அல்லது விசித்திரமாக மாறுகிறது

முழுக் கருவியின் நிறை 2 டி.எம்.இ., அதாவது 19.6 கிலோகிராம். அதோடு காந்தத்தின் 3.671×10⁻⁷ஐக் கூட்டச் சொல்கிறீர்கள். பழைய நிரல் ஒற்றைத் துல்லியத்தில் (ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ ஏழு இலக்கம்தான்) ஓடுகிறது என்றால், இரண்டுக்குப் பக்கத்தில் அதற்குத் தெரிந்த அடுத்த எண் 2.38×10⁻⁷ தள்ளி இருக்கிறது. அதற்கு அடுத்தது அதே அளவு தள்ளி. இடையில் படி கிடையாது. நம் காந்தம் ஒன்றரைப் படி உயரம். நிரல் அதை இரண்டு படியாக்கி 4.77×10⁻⁷ என்று சேர்த்துக்கொள்ளும். காந்தம் முப்பது சதவீதம் கொழுத்துவிடும். காந்தத்துக்குப் பதில் சில மைக்ரோகிராம் தூசி என்றால் ஏறவே ஏறாது.

இரட்டைத் துல்லியத்துக்கு மாறலாம். நான் செய்வது வேறு: சின்ன நிறைகளை எல்லாம் தனியாகக் கூட்டி, கடைசியில் ஒரே எண்ணாகப் பெரிய நிறையோடு சேர்ப்பேன். தகட்டின் அதிர்வெண்தான் கேள்வி என்றால் கருவியின் உடம்பு அந்தக் கணக்குக்குள் வரவே வேண்டாம்.


அறிகுறி: ஆயிரத்தில் ஒன்றிரண்டு வேறுபாடு

இங்கே பிழை என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது. 9.80665க்குப் பதில் 9.81 போட்டால் நிறை 0.034 சதவீதம் மாறும். 9.8 போட்டால் 0.068 சதவீதம். அதிர்வெண்ணில் இவை பாதியாகிவிடும். மற்றவர்கள் இதற்காகச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். நம் விறைப்பு எண்ணே 2 என்று ஒரே இலக்கத்தில் எழுதியிருக்கும்போது இது வீண்வேலை.

ஆனால் 0.24 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருங்கள். சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.783, திட்ட மதிப்பைவிட அவ்வளவுதான் குறைவு. டி.எம்.இ.யாக மாற்றும்போது உள்ளூர் மதிப்பைப் போடுவது தவறு. அந்த அலகுக்கு 9.80665 என்பது வரையறை. அது ஊருக்கு ஊர் மாறாது. ஆனால் தகட்டின் முனையில் படிக்கற்களைத் தொங்கவிட்டு விறைப்பை நீங்களே சென்னையில் அளந்திருந்தால், ஒரு கிராம் கல் அங்கே இழுக்கும் விசை ஒரு பாண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே உள்ளூர் மதிப்பு வேண்டும். ஒரே கணக்கில் ஓரிடத்தில் உள்ளூர் மதிப்பு கூடாது, இன்னோர் இடத்தில் அது கட்டாயம். இந்த நுணுக்கத்தை விளக்கப் போய் நானே இரண்டு முறை உளறியிருக்கிறேன்.

மின்னணுத் தராசும் உள்ளுக்குள் விசையைத்தான் உணர்கிறது. டெல்லியில் சரிபார்த்த தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்து அப்படியே நிறுத்தால் சுமார் 0.09 சதவீதம் குறைத்துக் காட்டும். வைத்த இடத்திலேயே படிக்கல்லைப் போட்டு ஒரு முறை சரிசெய்துவிட்டால் தீர்ந்தது. காற்றின் மிதப்பும் உண்டு. படிக்கல்லின் எஃகைப் போன்ற அடர்த்தியுள்ள காந்தத்துக்கு அது கணக்கில் வராது. நிறுப்பது சிலிக்கான் சில்லு என்றால் 0.037 சதவீதம் குறைவாகக் காட்டும்.


அறிகுறி: அலகெல்லாம் சரி, கருவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை

என் தகட்டுக்குத் திரும்புகிறேன். 9.8ஐச் சரிசெய்து 371.5க்கு வந்த பிறகு, தகட்டைத் தட்டி நுண்ணொலிவாங்கியால் அளந்தேன். 353 ஹெர்ட்ஸ். மடங்கு 1.052, வர்க்கம் 1.107. இதுவரை சொன்ன எந்த எண்ணோடும் இது பொருந்தவில்லை. அலகு மாற்றத்தில் 1.107 என்று ஒரு மடங்கு வர வழியே இல்லை. ஆகவே மாற்றத்தை மறந்துவிட்டு, 3.6 மில்லிகிராமுக்கு மேல் இன்னும் 0.39 மில்லிகிராம் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

தகடும் அதிர்கிறதே. அதே அளவில் வெட்டிய இன்னொரு தகட்டை நிறுத்தேன்: 1.1 மில்லிகிராம். ஒரு முனையில் பிடித்த தகட்டின் நிறையில் 140இல் 33 பங்கு முனையில் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது 0.26 வந்தது. மிச்சம் 0.13.

அதற்கு உருப்பெருக்கியை எடுக்க வேண்டியிருந்தது. காந்தத்தின் அடியில், தகட்டின் இரு ஓரத்திலும், காய்ந்த பசை ஒரு மெல்லிய விளிம்பாகத் திரண்டு நின்றது. ஒட்டியபோது நான் அதை நிறுக்கவில்லை.